எட்டியப்பன் இறங்கிய கிணறு

மழை விட்டதும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வாகினெம் கூப்பிட்ட குரல், பக்கத்து வீட்டு ஆடு தன் கொல்லைக்குள் வந்துவிட்டால் கூப்பிடுகிற குரலாகத்தான் இருந்தது. "கோவி, உன் கிணறு எங்க வீட்டுக்கு வந்திருக்கு, வந்து பாரு" என்றாள். கோவிந்தம்மா கருவாட்டுச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்தபடி பின்கதவைத் திறந்தபோது, கிணறு இருந்த இடத்தில் புல் இருந்தது. மூன்று மரங்களைச் சாய்த்துக் கட்டிய முக்காலி அப்படியே நின்றது, கப்பி அப்படியே தொங்கியது, கப்பியிலிருந்து இறங்கிய வடக்கயிறு புல்லின்மேல் சுருண்டு கிடந்தது. அந்தப் புல்லும் புதிதாக முளைத்ததாக இல்லாமல், பல காலம் ஆடு மேய்ந்து கட்டையாகிப்போன பழைய புல்லாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், வாகினெம்மின் கோழிக்கூண்டுக்கும் துணி காயப்போடும் கொடிக்கும் நடுவில், பலகை விளிம்போடும் விளிம்பில் படிந்த கரும்பிசுக்கோடும், கிணறு இருந்தது.

"எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள் கோவிந்தம்மா.

"மழையிலதான். துணி எடுக்க ஓடுனப்ப இல்ல, திரும்பி வந்து பார்த்தா இருக்கு. கோழிக்கு ஒண்ணும் ஆகல."

"கோழிக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும்" என்றாள் கோவிந்தம்மா.

அந்த ஊருக்குப் பாயா ஈத்தாம் என்று பெயர். கரிய சதுப்பு என்று பொருள். சுமத்ராவின் வடக்கே, ரப்பர்க் காட்டுக்கும் கடலோரச் சேற்றுக்கும் இடையில், டச்சுக்காரர் காலத்தில் வந்த ஒரு கம்பெனி எண்ணெய் எடுத்து, எடுத்தது போதுமென்று குழாய்களைத் துருப்பிடிக்க விட்டுவிட்டுப் போன பிறகு, போக இடமில்லாதவர்கள் தங்கிப்போன ஊர் அது. மலாய்க்காரர்கள் இருந்தார்கள், ஜாவாவிலிருந்து கூலியாக வந்தவர்களின் மக்கள் இருந்தார்கள், மலையிலிருந்து இறங்கிய காரோக்கள் இருந்தார்கள், புகையிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த தமிழர்களின் வழிவந்த சில குடும்பங்களும் இருந்தன. எல்லாருக்கும் சோறு போட்டது மண்ணுக்கடியில் இருந்த எண்ணெய்தான். வாளியால் இறைப்பார்கள், பீப்பாயில் காய்ச்சுவார்கள், வடித்ததைப் படகுக்காரர்களுக்கு விற்பார்கள். ஊரில் இருந்த கிணறுகளெல்லாம் ஒவ்வொன்றாகச் சேறு கண்டு தூர்ந்துவிட, கடைசியாக ஊறிக்கொண்டிருந்தது எட்டியப்பனின் கிணறு ஒன்றுதான். அவன் பாட்டன் கையால் தோண்டியது. ஆள் இறங்குகிற அகலம்.

எட்டியப்பன் கோவிந்தம்மாவின் புருஷன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு முற்பகலில், அடியில் சேர்ந்த சேற்றை வாரிவிட்டு வருகிறேன் என்று இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அந்தக் கிணற்றுக்குள் இறங்கினான். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவன் அவன் தம்பி அங்கமுத்து. கயிறு இறுகியிருந்தது, இறுகியிருந்தது, பிறகு தளர்ந்தது. அங்கமுத்து கூப்பிட்டான், பதில் இல்லை, இழுத்தான். கயிறு லேசாக வந்தது. நுனியில் ஆள் இல்லை. அறுந்த கயிறாக இருந்தால் நார் சிலும்பியிருக்கும், நழுவிய கயிறாக இருந்தால் முடிச்சு இருந்திருக்கும். அது சிலும்பாமல், முடிச்சும் இல்லாமல், கட்டியிருந்த இடம் மட்டும் சற்றே வளைந்திருக்க, நிதானமாகக் கையால் அவிழ்த்த கயிறாக வந்தது. மூங்கிலை இறக்கிப் பார்த்தார்கள், கொக்கி போட்டுத் துழாவினார்கள், படகுக்காரர்கள் வலையைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தார்கள். எண்ணெய் வந்தது. எண்ணெய்தான் வந்தது.

"கேஸு ஏறி மயங்கி விழுந்துட்டான் அண்ணி" என்று அங்கமுத்து அன்றைக்கும் சொன்னான், அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அதையே சொன்னான். மயங்கியவன் முடிச்சை அவிழ்ப்பானா என்று கோவிந்தம்மா அவனைக் கேட்டதில்லை. கேட்டால் அவன் உடைந்துபோவான் என்று தெரியும். ஆனால் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளாத நாள் கிடையாது. அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் இருக்கிறானா இல்லையா என்றும் தெரியவில்லை. அவனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'அவரு' என்று தொடங்கி, 'அவருக்கு இந்தக் கருவாடுன்னா' என்று வந்து, 'பிடிக்கும்' என்பதா 'பிடிக்காமப் போகாது' என்பதா 'பிடிச்சிருந்துச்சு' என்பதா என்று தெரியாமல், வாக்கியத்தை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். ஊராரும் அந்த மீதி வாக்கியத்தைக் கேட்காமலிருக்கப் பழகிக்கொண்டார்கள். கொஞ்ச காலம் கிணற்றை மூடி வைத்திருந்தாள். பிறகு பசி வந்தது. திறந்தாள். அதன்பின் மேலே வருகிற ஒவ்வொரு வாளியையும் பீப்பாயில் ஊற்றுமுன் கையை விட்டு ஒருமுறை அளைந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றினாள்.

அப்படிப்பட்ட கிணறு மழையில் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது.

கிராமத் தலைவர் ருஸ்லியை ஊரார் பாக் ருஸ்லி என்பார்கள். அந்த ஊர்ப் பேச்சில் பாக் என்றால் ஐயா. அவர் வந்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், புல்லைக் காலால் அழுத்திப் பார்த்தார், காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். "கிணறு கோவிந்தம்மாவோடது. நிலம் வாகினெம்மோடது. இறைக்கிறதை ரெண்டு பேரும் பாதியாப் பிரிச்சுக்குங்க" என்றார். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. ஆண்கள் சேர்ந்து முக்காலியைத் தூக்கி வந்து புது இடத்தில் நட்டார்கள். அந்த ஏற்பாடு அடுத்த மழை வரை நின்றது. அடுத்த மழையில் கிணறு பள்ளிவாசல் முற்றத்துக்குப் போயிற்று, அதற்கடுத்த மழையில் பந்து விளையாடும் பொட்டலுக்கு, அதற்கடுத்த மழையில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியின் படுக்கை அறைக்கு. அவர்கள் அடுத்த மழை வரும்வரை சமையலறையில் படுத்துக்கொண்டார்கள். ஊரே அந்த வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, பெண்ணின் தலையணைக்குப் பக்கத்தில் நின்று எண்ணெய் இறைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போயிற்று.

ஏன் போகிறது என்று முதல் சில நாள்தான் கேட்டார்கள். பிறகு எங்கே போகும் என்று மட்டும் கேட்டார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் பாயா ஈத்தாமில் பிள்ளைகளை இடுப்பில் துணி சுற்றித் தூணோடு கட்டினார்கள், ஆடுகளை உள்ளே ஓட்டினார்கள், மழை விடும்வரை யாரும் வெளியே வரவில்லை. கிணறு நகர்வதைப் பார்க்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும், ஒருவர் குளிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது போல, எல்லாரும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். மழை விட்டதும் வீட்டுக்கு வீடு கதவு திறக்கும், "இங்க இல்ல", "இங்கயும் இல்ல" என்று குரல் குரலாகப் போகும், கடைசியில் ஒரு வீட்டிலிருந்து "இங்க இருக்கு" என்று வரும். எந்த வீட்டு நிலத்தில் கிணறு நிற்கிறதோ அந்த வீட்டுக்குப் பாதி, கோவிந்தம்மாவுக்குக் கால், மீதி ஊருக்கு என்று வழக்கமாயிற்று. கிணற்றுக்குப் பிடிக்குமென்று சிலர் முற்றத்தைக் கூட்டி வைத்தார்கள், பிடிக்குமென்று சிலர் கூட்டாமல் விட்டார்கள். காரோக்காரர் தரிகானின் பன்றிக்கொட்டில் ஓரம் அது போய் நின்றபோது, அந்த எண்ணெயைத் தொடலாமா என்று மலாய்க்காரர்கள் குழம்பிப்போய்ப் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டார்கள். அவர் வெகுநேரம் யோசித்து, "எண்ணெய் கீழேயிருந்து வருது, பன்றி மேலே நிக்குது, வாளியை மட்டும் கழுவிக்குங்க" என்றார். அதற்கும் பழகிக்கொண்டார்கள்.

பழகாதவன் அங்கமுத்து ஒருவன்தான். குடும்பச் சொத்து ஊர் சுற்றுவதை அவனால் தாங்க முடியவில்லை. நகரத்துக்குப் போய், லாரிக்காரர்கள் மரம் கட்டுகிற கனத்த சங்கிலி வாங்கி வந்து, கிணற்றின் விளிம்பைச் சுற்றி இறுக்கிப் பூட்டுப் போட்டு, மறுமுனையை இரும்புக் குழாயில் கட்டி வைத்தான். மழை வந்து போனது. சங்கிலி அப்படியே வட்டமாக, பூட்டோடு, புல்லின்மேல் கிடந்தது. அவன் அந்த வட்டத்துக்குள் போய் நின்றுகொண்டு, காலடி மண்ணைக் குனிந்து தொட்டுப் பார்த்தான்.

"அண்ணி, நான் நல்லாத்தான் புடிச்சிருந்தேன்" என்றான்.

சங்கிலியைச் சொல்கிறானா, கயிற்றைச் சொல்கிறானா என்று கோவிந்தம்மாவுக்குப் புரியவில்லை. "தெரியும் தம்பி" என்றாள் இரண்டுக்கும்.

அவளுக்கு ஒரு எண்ணம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. கிணற்றுக்குள் அவர் இருக்கிறார் என்றால், கிணறு போகிற இடமெல்லாம் அவரும்தானே போகிறார்? அப்படியானால் வாகினெம் வீட்டுக்குப் போனார், பள்ளிவாசலுக்குப் போனார், பந்து விளையாடும் பொட்டலுக்குப் போனார், யாரோ ஒருவர் படுக்கை அறைக்கும் போனார். இவ்வளவு இடம் போனவர் தன் வீட்டுக்கு மட்டும் திரும்பி வரவில்லை. அவர் இல்லை, கிணறு மட்டும்தான் என்றால், அவர் எங்கே? வாளியில் கையை விட்டு அளையும்போது, எது கையில் பட வேண்டும் என்று விரும்புகிறோம், எது படக் கூடாது என்று பயப்படுகிறோம் என்பதே அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

அந்தக் குழப்பத்தோடும் ஊர் நன்றாகத்தான் இருந்தது, சித்தோருஸ் வரும்வரை.

சித்தோருஸ் மாவட்ட நில அலுவலகத்திலிருந்து வந்தவர், வியர்த்துக்கொண்டே இருக்கிற நல்ல மனிதர். புதிதாக ஒரு கம்பெனி அந்த வட்டாரத்தில் கைக்கிணறுகளைக் குத்தகைக்கு எடுக்கப் போகிறதென்றும், எந்திரம் வருமென்றும், சாலை போடுவார்களென்றும், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமென்றும் சொன்னார். ஊர்க் கொட்டகையில் எல்லாரும் கூடி அவர் சொன்னதைச் சந்தோஷமாகக் கேட்டார்கள். கடைசியாக அவர், "இந்தக் கிணறு யாருடையது?" என்று கேட்டார்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கிணறு நடக்கும் என்பதைக் கேட்டு சித்தோருஸ் அதிசயப்படவில்லை. வேறு வட்டத்தில் ஒரு குளம் இரட்டையாகப் பிரிந்த வழக்கு தன் மேசையில் கிடப்பதாகச் சொன்னார். "நடக்கட்டும். ஆனா கையெழுத்துப் போட ஒரு சொந்தக்காரர் வேணும். ஒரே ஒருத்தர்" என்றார். அதுவரை கிணறு எங்கே போனாலும் சிரித்துக்கொண்டிருந்தவர்கள், அந்த ஒரே ஒருத்தர் என்ற சொல்லைக் கேட்டதும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தரிகான், அதிக காலம் நின்றது தன் கொட்டிலோரம்தான் என்றார். பள்ளிவாசல்காரர்கள், ஆண்டவன் முற்றத்துக்கு வந்தது அடையாளம் இல்லையா என்றார்கள். புது ஜோடியில் புருஷன், நாங்கள் இழந்த தூக்கத்துக்குக் கணக்கு இல்லையா என்று கேட்டான். வாகினெம் எழுந்து நின்றாள்.

"முதல்ல எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு. யாரும் கூப்பிடல, அதுவா வந்துச்சு."

"எண்ணெயை நீ எடுத்துக்க வாகினெம், ஆனா அது எங்க கிணறு" என்றாள் கோவிந்தம்மா.

"உங்க கிணறா? உன் புருஷன் உன்னை விட்டுப் போன கிணறு அது. கிணறும் உன்னை விட்டுத்தான் என் வீட்டுக்கு வந்துச்சு."

சொன்ன வேகத்திலேயே வாகினெம் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷமாக ஊரே சேர்ந்து கேட்காமல் விட்டிருந்த மீதி வாக்கியத்தை, வேலியோரம் நின்று தினமும் உப்பும் மிளகாயும் கைமாற்றிக்கொண்ட சிநேகிதி சொல்லி முடித்துவிட்டாள். கோவிந்தம்மா எழுந்து வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து வேலியோரம் பேச்சு நின்றது. தெருவிலும் நின்றது. தூணில் கட்டிய பிள்ளைகளை ஒரு வீட்டுக்காரர் அவிழ்த்துவிட்டு இன்னொரு வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிற பழக்கம் நின்றது. மழை விட்டால் "இங்க இல்ல" என்று குரல் கொடுப்பவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கிணறு தங்களிடம் இருந்தாலும் பாயைப் போட்டு மூடி இல்லையென்று சாதித்தார்கள்.

கடைசியில் வழி கண்டுபிடித்தது பாக் ருஸ்லி. கோவிந்தம்மா வீட்டுக்கு அங்கமுத்துவையும் சித்தோருஸையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஆதியில் கிணறு எட்டியப்பன் பேர்ல இருந்தது. அதை யாரும் மறுக்கல. அவன் காலமாயிட்டான்னு பதிஞ்சா, அது உனக்கு வரும். உனக்கு வந்தா நீ எப்பவும் போல எல்லாருக்கும் குடுப்பே. ஊர் சண்டை தீரும்" என்றார்.

"காரியம் செஞ்சிருக்கணும்" என்றார் சித்தோருஸ், மன்னிப்புக் கேட்பது போல. "உங்க முறைப்படி என்ன செய்வீங்களோ, அது. செஞ்சதை ஊர் பார்த்திருந்தா போதும்."

"அவன் செத்துட்டான் அண்ணி" என்றான் அங்கமுத்து. "சாகலன்னா, அவன் வேணும்னே... இல்ல அண்ணி. அவன் செத்துட்டான்."

மூன்று பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். எட்டியப்பன் இறந்துவிட்டான் என்று சொன்னால் அவனைத் தானே கொன்றது போல இருந்தது. இல்லை என்று சொன்னால், முடிச்சை அவிழ்த்துவிட்டுப் போகிற அளவுக்கு அவனுக்குத் தான் என்ன செய்தோம் என்று இனி சாகும்வரை யோசிக்க வேண்டியிருந்தது. "சரி" என்றாள். எதற்குச் சரி என்றாள் என்று அவளுக்கே தெளிவில்லை.

அந்த வாரம் கிணறு தரிகானின் மரவள்ளித் தோட்டத்தில் நின்றது. நகரத்திலிருந்து பூசாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். உடல் கிடைக்காதவர்களுக்குச் செய்வது போல வைக்கோலில் ஆள் உருவம் கட்டி, எட்டியப்பனின் பழைய சட்டை ஒன்றைப் போர்த்தினார். கொளுத்த வேண்டுமென்று அவர் சொன்னதும், எண்ணெய்க் கிணற்றுக்குப் பக்கத்தில் நெருப்பா என்று ஊரே எழுந்துவிட்டது. தோட்டத்தின் மறுகோடியில் கொளுத்துவதென்றும், மற்றதெல்லாம் கிணற்றோரம் நடக்கட்டுமென்றும் முடிவாயிற்று. எல்லா வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். ஜாவாக்காரப் பெண்கள் மஞ்சள் சோறு கொண்டுவந்திருந்தார்கள், தரிகான் மேசை நாற்காலி போட்டுத் தார்ப்பாய்ப் பந்தல் கட்டியிருந்தார், இமாம் தள்ளி நின்று கைகளை ஏந்தித் தன் வழியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வாகினெம் எல்லாருக்கும் பின்னால், வாழை மரத்தடியில், பக்கத்தில் வரத் துணியாமல் நின்றாள். பூசாரி கோவிந்தம்மாவைக் கிணற்றோரம் உட்காரவைத்து, கழுத்துக்குக் கையைக் கொண்டு வரச் சொல்லி, தாலிக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கச் சொன்னார்.

அவள் முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

சொல்லாமல் கொள்ளாமல் வந்த மழை. சட்டி கவிழ்ந்தது போலக் கொட்டிற்று. ஊரே பந்தலுக்குள் ஓடிற்று, பூசாரி வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார், சித்தோருஸ் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். பழக்கத்தில் எல்லாரும் கிணற்றுக்கு முதுகைத் திருப்பி நின்றுகொண்டார்கள். கோவிந்தம்மா எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க வேண்டுமென்றும் தோன்றவில்லை, உட்கார்ந்திருக்க வேண்டுமென்றும் தோன்றவில்லை. அப்படி இருந்தபோதுதான் கிணறு நகர்வதைப் பார்த்தாள்.

அது மண்ணைக் கிழிக்கவில்லை, சத்தம் போடவில்லை. மேகத்தின் நிழல் வயலில் போவது போலப் போயிற்று. முன்னால் மரவள்ளிச் செடிகள் வழிவிட்டன, பின்னால் மண் மூடிக்கொண்டது. முக்காலியின் மூன்று கால்களுக்கும் நடுவிலிருந்து நழுவி, வேலியைக் கடந்து, தெருவில் ஏறிற்று. கோவிந்தம்மா எழுந்து கூடவே நடந்தாள். ஓட வேண்டியிருக்கவில்லை, சந்தைக்குப் புருஷனோடு போகிற பெண்டாட்டி நடக்கிற நடைதான். பலகை விளிம்புக்குள்ளே கருப்பு மினுமினுத்தது, அதில் மழை விழுந்து வளையம் வளையமாக விரிந்தது.

"ஏங்க" என்றாள்.

கிணறு போய்க்கொண்டிருந்தது.

"கயித்த ஏங்க அவுத்தீங்க? மூச்சு முட்டுச்சா? முட்டினா ஆட்டியிருக்கலாமே, தம்பி இழுத்திருக்குமே. இல்ல, போகணும்னே அவுத்தீங்களா? போகணும்னா என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாமே. நான் பிடிச்சு வெச்சிருக்க மாட்டேன். கோபப்பட்டிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அவ்வளவுதானே?"

தெருவில் இரு பக்கமும் வீடுகள் மூடிக் கிடந்தன. கிணறு அவள் வீட்டு வாசலுக்கு வந்தது. அங்கே அது நிற்கும் என்று அவள் நினைத்தாள், தன்னை அறியாமல் ஒரு எட்டு முன்னால் போய் வேலிக்கதவைக்கூடத் திறந்து பிடித்தாள். கிணறு வேகம் குறைந்தது போல இருந்தது. குறையவில்லையோ என்னவோ. வாசலைக் கடந்து போயிற்று. பள்ளிவாசலைக் கடந்தது, பந்து விளையாடும் பொட்டலைக் கடந்தது, கடைசி வீட்டைக் கடந்து ரப்பர் மரங்களுக்குள் நுழையும் மண்பாதையில் இறங்கிற்று. அதற்கப்பால் வேறு ஊர்கள், வேறு மொழி பேசுகிறவர்கள், அதற்கும் அப்பால் மலை.

மண்பாதையின் தொடக்கத்தில் கோவிந்தம்மாவின் கால் நின்றது. கூடப் போகலாம். யாரும் தடுக்கவில்லை. போனால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது, நின்றாலும் பதில் வருமா என்று தெரியாது. பந்தலில் நூறு பேர் பசியோடு நின்றிருந்தார்கள். தனக்கும் பசிக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வெகு காலமாக அப்படிப் பசித்ததில்லை.

"சரி, பாத்துப் போங்க" என்றாள்.

மரங்களுக்கு நடுவில் கருப்பு வட்டம் சிறுத்துக்கொண்டே போனது. அது கண்ணுக்கு மறைந்த பிறகும் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பினாள்.

பாதி வழியில் வாகினெம் நனைந்துகொண்டே எதிரே வந்தாள். மழையில் தெருவில் ஒரு ஆள் நடப்பதைப் பாயா ஈத்தாம் பார்த்து நாளாகியிருந்தது. கையில் காய்ந்த கைலி ஒன்றைச் சுருட்டி மார்போடு வைத்திருந்தாள், அதுவும் நனைந்துவிட்டது. இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள்.

"அன்னிக்கு நான் சொன்னது..."

"நீ சொன்னது சரியா தப்பான்னு எனக்கு இன்னமும் தெரியல" என்றாள் கோவிந்தம்மா. "குடு அதை." நனைந்த கைலியை வாங்கி நனைந்த தோளில் போட்டுக்கொண்டாள். சேர்ந்து நடந்தார்கள்.

பந்தலில் எல்லாரும் திரும்பி நின்று, முக்காலியின் கீழே மரவள்ளி முளைத்துக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்க இருக்கு?" என்று பாக் ருஸ்லி கேட்டார். "ரப்பர்க் காட்டுக்குள்ள போச்சு, திரும்பி வராது" என்றாள் கோவிந்தம்மா. திரும்பி வராது என்று எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. தரிகான் நாற்காலியில் உட்கார்ந்தார். இனி வாளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பீப்பாய்களை என்ன செய்வது, நாளைக் காலையில் எழுந்ததும் எங்கே போவது என்று ஒவ்வொருவர் முகத்திலும் ஓடிற்று. ஒருவர் நிலத்தை ஒருவர் பார்ப்பதற்கு இனி ஒரு காரணமும் இல்லாததால், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வைக்கோல் உருவம் ஊறிப்போய்க் கிடந்தது. இது இனி எரியாதே, என்ன செய்வது என்று பூசாரி கேட்டார். சித்தோருஸ் தயங்கித் தயங்கி வந்து, "அம்மா, பதியறதுக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். அவர் இறந்துட்டாரா, இல்ல..." என்றார்.

"போயிட்டாரு" என்றாள் கோவிந்தம்மா. அந்த நாட்டு மொழியிலும் சாவதற்கும் விட்டுப் போவதற்கும் சொல் ஒரே வேரில்தான் இருந்தது. அவள் அதில்தான் சொன்னாள். சித்தோருஸ் எதைச் சொன்னாள் என்று கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து, தலையை மட்டும் ஆட்டினார். கிணறே இல்லாத இடத்தில் சொந்தக்காரர் யாராக இருந்தால் என்ன என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும்.

"சோறு ஆறுது, உக்காருங்க எல்லாரும்" என்றாள்.

அது காரியச் சோறா, வழியனுப்புச் சோறா, மழைக்கு ஒதுங்கியவர்கள் சாப்பிடுகிற சோறா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் உட்கார்ந்தார்கள். இமாமும் பூசாரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தார்ப்பாயில் மழை கொட்டிக்கொண்டிருக்க, கோவிந்தம்மா ஒவ்வொரு இலையாகப் பரிமாறிக்கொண்டு வந்தாள். வரிசையின் கடைசியில் அங்கமுத்து இலையைப் பார்த்தபடி, சோற்றில் கை வைக்காமல் இருந்தான்.

"நீங்க கூடவே போனதைப் பார்த்தேன் அண்ணி" என்றான் மெதுவாக. "பந்தல்ல நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன். ஏதோ பேசிட்டே போனீங்க. அவன் என்ன சொன்னான்?"

கோவிந்தம்மா கரண்டியோடு நின்றாள்.

"ஒண்ணும் சொல்லல தம்பி. அவசரத்துல இருந்தாரு."

அங்கமுத்து அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் வாய் கோணிற்று, அழப் போகிறான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள், ஆனால் வந்தது சிரிப்பு மாதிரி ஒன்று. "அவன் எப்பவுமே அப்படித்தான் அண்ணி" என்றான். "சின்னதுலேருந்தே. கிளம்பிட்டா ஒரு வார்த்தை பேச மாட்டான்."

"ஆமா" என்றாள் கோவிந்தம்மா. "அவருக்கு எங்கயாவது போகணும்னா, சாப்பாட்டக்கூட நின்னுக்கிட்டேதான் சாப்பிடுவாரு." சொல்லி முடித்த பிறகுதான், வாக்கியம் முடிந்துவிட்டது என்பதைக் கவனித்தாள். அங்கமுத்துவின் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு, குழம்பு எடுத்து வரப் போனாள்.